சான்றிதழ் கைக்கு வந்த பிறகு

சேலம், நாமக்கல் சமவெளியில் அரசாங்கம் ஒரு பெரிய வாடிக்கையாளர். இந்திய உருக்கு ஆணையத்தின் சேலம் உருக்காலை போல்ட், நட்டிலிருந்து பாதுகாப்புக் காலணி வரை வெளியில் வாங்குகிறது. 2007-இல் உருவான சேலம் ரயில்வே கோட்டம் துப்புரவு, பராமரிப்பு, உதிரி பாகங்கள் என்று ஆண்டு முழுவதும் டெண்டர் விடுகிறது. எண்ணெய் நிறுவனங்கள் நாமக்கல் லாரிக்காரர்களின் டேங்கர்களில்தான் தென்மாநிலங்களுக்குச் சமையல் எரிவாயுவை ஏற்றி அனுப்புகின்றன. சத்துணவு மையங்களுக்குப் பள்ளி நாள்களில் வாரம் ஐந்து முட்டை போகிறது. அவற்றில் பெரும்பகுதி நாமக்கல் பண்ணை முட்டை. பொங்கலுக்கான இலவச வேட்டி சேலை திருச்செங்கோடு, சேலம், ஈரோடு வட்டாரத் தறிகளில் தயாராகிறது.

இதே சமவெளியில் யார் வாழ்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாமக்கல் மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். சேலத்தில் ஆறில் ஒருவர். சேர்வராயன், கொல்லிமலையிலும் அவற்றின் அடிவார ஊர்களிலும் மலையாளிப் பழங்குடியினர் இருக்கிறார்கள். இவர்கள் நடத்தும் தொழில்களுக்கும் பெண்கள் நடத்தும் தொழில்களுக்கும் மத்திய அரசு வாங்கும் பொருள்களில் இத்தனை சதவீதம் என்று ஒரு பங்கு ஆணையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பங்கைப் பெறுவதற்கான பதிவுகளும் சான்றிதழ்களும் இருக்கின்றன. ஆணை வந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தப் பங்கு நிரம்பவில்லை. ஏன் என்பதுதான் இங்கே கேள்வி.

ஆணை வந்த வழி

சிறு தொழில்களிடமிருந்து அரசு வாங்க வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. தேசிய சிறுதொழில் கழகம் 1955-இல் தொடங்கப்பட்டது. அதில் ஒருமுறை பதிவு செய்துகொண்டால் பல அரசுத் துறைகளின் டெண்டரிலும் சலுகையோடு பங்கேற்கலாம் என்ற ஏற்பாடு நீண்ட காலமாக இருந்துவருகிறது. ஆனால் எந்தத் துறை எவ்வளவு வாங்க வேண்டும் என்ற கட்டாயம் அப்போது இல்லை. வாங்கினால் நல்லது என்ற அளவில்தான் விஷயம் நின்றது.

2006-இல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம் தன் 11-ஆம் பிரிவில் கொள்முதல் கொள்கை வகுக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. அதைக் கொண்டு 2012 மார்ச்சில் பொதுக் கொள்முதல் கொள்கை ஆணை பிறந்தது. மத்திய அமைச்சகங்கள், துறைகள், பொதுத்துறை நிறுவனங்கள் எல்லாம் தம் ஆண்டுக் கொள்முதலில் 20 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடமிருந்து வர வேண்டும் என்றது ஆணை. 2015 ஏப்ரல் முதல் இது கட்டாயமானது. 2018 நவம்பரில் திருத்தம் வந்து 20 என்பது 25 ஆனது. பெண்களுக்கு 3 சதவீதம் தனியாகச் சேர்ந்தது.

இந்த 4 சதவீதத்துக்குப் பின்னால் ஒரு கோரிக்கையின் வரலாறு இருக்கிறது. 2002 ஜனவரியில் போபாலில் கூடிய தலித் அறிஞர்களும் செயல்பாட்டாளர்களும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். வேலையில் இட ஒதுக்கீடு மட்டும் போதாது, அரசின் கொள்முதலிலும் ஒப்பந்தத்திலும் பங்கு வேண்டும் என்பது அதன் மையமான கோரிக்கைகளில் ஒன்று. மத்தியப் பிரதேச அரசு அதை ஏற்று, அரசுக் கொள்முதலில் 30 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் வாங்க வழி செய்தது. 2005-இல் புனேயில் தலித் இந்தியத் தொழில் வர்த்தக சபை தொடங்கப்பட்டு இதே குரலை டெல்லிக்குக் கொண்டுபோனது. வேலை தேடுகிறவராக மட்டும் இருந்தவர் வேலை தருகிறவராக வேண்டும் என்ற அந்த வாதத்துக்குக் கிடைத்த பதில்தான் 2012 ஆணையின் உள்பங்கு.

என்னென்ன தாள்கள்

முதல் தாள் உத்யம் பதிவு. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆதார், பான் எண் இருந்தால் போதும். இணையத்தில் தானே விவரம் தந்து பதிந்துகொள்ளலாம். கட்டணம் ஒரு பைசா கிடையாது. இருந்தும் இந்தப் பதிவுக்குப் பணம் பறிக்கும் போலித் தளங்களும் இடைத்தரகர்களும் உண்டு. அதற்கு முன் 2015 முதல் உத்யோக் ஆதார் இருந்தது. அதற்கும் முன் மாவட்டத் தொழில் மையத்தின் படிகளில் ஏறி இரண்டு கட்டமாக மனு கொடுக்க வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் குறைந்தது உண்மையான முன்னேற்றம்.

இரண்டாவது, உரிமையாளர் யார் என்பதற்கான சான்று. தனி உரிமையாளர் என்றால் அவரே பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருக்க வேண்டும். கூட்டு நிறுவனத்திலும் தனியார் கம்பெனியிலும் குறைந்தது 51 சதவீதப் பங்கு அவர்கள் கையில் இருக்க வேண்டும். மகளிர் நிறுவனத்துக்கும் இதே அளவுகோல்.

மூன்றாவது, அரசின் மின்சந்தையான ஜெம் தளத்தில் விற்பனையாளர் பதிவு. 2016 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் தளம் இன்று மத்திய அரசுக் கொள்முதலின் பிரதான வாசல். தேவைப்படுகிறவர்கள் தேசிய சிறுதொழில் கழகத்தின் ஒருமுனைப் பதிவையும் வாங்கிக்கொள்கிறார்கள். 2016 அக்டோபரில் லூதியானாவில் தொடங்கப்பட்ட தேசிய பட்டியல் சாதி - பழங்குடி மையம் இந்தப் பிரிவினருக்குப் பயிற்சி, சந்தை உதவி, இயந்திர மானியம், பரிசோதனைக் கட்டணத்தைத் திருப்பித் தருதல் போன்றவற்றைச் செய்கிறது. அதை நடத்துவதும் அதே கழகம்தான்.

இவற்றால் கிடைப்பது என்ன? டெண்டர் படிவம் இலவசம். இ.எம்.டி. என்னும் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம். 358 பொருள்களைக் குறு, சிறு நிறுவனங்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. துடைப்பம், செருப்பு, கட்டுத்துணி, இரும்பு அலமாரி எல்லாம் அதில் வரும். இவை தவிர, விலையில் ஒரு சலுகையும் உண்டு.

ஒரு பட்டறையின் கணக்கு

விலைச் சலுகை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஓர் உதாரணக் கணக்கு. ஒரு பொதுத்துறை ஆலை 20 லட்சம் ரூபாய் மதிப்பில் உதிரி பாகங்களுக்கு டெண்டர் விடுகிறது என்று கொள்வோம். முன்வைப்புத் தொகை 2 சதவீதம் என்றால் 40,000 ரூபாய். சூரமங்கலம் பக்கத்தில் இரண்டு லேத் வைத்திருக்கும் பட்டறைக்காரருக்கு இது சிறு தொகை அல்ல. பதிவு இருப்பதால் அவர் இதைக் கட்ட வேண்டியதில்லை.

விலைப் புள்ளிகளைத் திறக்கிறார்கள். பெரிய கம்பெனி ஒன்று 18 லட்சம் போட்டு எல்-1 ஆகிறது, அதாவது ஆகக் குறைந்த விலை. நம் பட்டறைக்காரர் 20 லட்சம் போட்டிருக்கிறார். 18 லட்சத்தோடு 15 சதவீதம் சேர்த்தால் 20 லட்சத்து 70 ஆயிரம். அந்த எல்லைக்குள் அவர் இருக்கிறார். எனவே 18 லட்ச விலைக்கு இறங்கி வரச் சம்மதித்தால், ஆர்டரில் குறைந்தது நான்கில் ஒரு பங்கு, நாலரை லட்சத்துக்கான வேலை அவருக்குக் கிடைக்கும். பிரித்துத் தர முடியாத பொருளாக இருந்தால் முழு ஆர்டரையும்கூடத் தரலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவர் தன் விலையில் விற்கவில்லை. மொத்தமாக இரும்பு வாங்கும் பெரிய கம்பெனியின் விலைக்கு, சில்லறையில் இரும்பு வாங்கும் இவர் விற்கிறார். பத்து சதவீதம் விலையைக் குறைத்த பிறகு கையில் நிற்கும் லாபம் கொஞ்சம். அதற்கு மேல் செயல்பாட்டு உத்தரவாதத் தொகை கட்ட வேண்டும். ஒப்பந்த மதிப்பில் அது பல இடங்களில் 3 முதல் 10 சதவீதம் வரை போகிறது. முன்வைப்புத் தொகைக்கு உள்ள விலக்கு இதற்குக் கிடையாது. வங்கியில் பேங்க் கேரண்டி வாங்க அடமானம் கேட்பார்கள். தாத்தா காலத்து நிலமும் அப்பா கட்டிய வீடும் உள்ளவருக்கு அடமானம் இருக்கும். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு, அதிலும் நிலமே இல்லாத குடும்பத்திலிருந்து வந்தவருக்கு, அது இருக்காது.

நான்கு சதவீதம் எங்கே போனது

எந்த நிறுவனம் யாரிடம் எவ்வளவு வாங்கியது என்பதைக் கண்காணிக்க 2017 டிசம்பரில் சம்பந்த் என்ற இணையதளம் தொடங்கப்பட்டது. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் அதில் கணக்குக் காட்டுகின்றன. அந்தக் கணக்கு சொல்வது இரண்டு செய்தி. குறு, சிறு நிறுவனங்களுக்கான 25 சதவீத இலக்கை மொத்தக் கொள்முதல் தாண்டிவிட்டது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான 4 சதவீதமோ பல ஆண்டுகள் 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. பின்னர் ஓரளவு ஏறினாலும் இலக்குக்கு வெகு தொலைவில் நிற்கிறது. மகளிருக்கான 3 சதவீதமும் தொடக்க ஆண்டுகளில் 1 சதவீதத்துக்குக் கீழேதான் கிடந்தது.

மேல் இலக்கு நிரம்பி உள்ளிலக்கு காலியாக இருப்பது தற்செயல் அல்ல. ஆணையின் வாசகத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி நிறுவனங்கள் டெண்டரில் கலந்துகொள்ளாவிட்டாலோ, நிபந்தனைகளையும் எல்-1 விலையையும் எட்டாவிட்டாலோ, அந்த 4 சதவீதத்தை மற்ற குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். வாங்கும் அதிகாரிக்கு இதனால் எந்த இழப்பும் இல்லை. யாரும் வரவில்லை என்று கோப்பில் எழுதினால் அவருடைய 25 சதவீதம் நிறைந்துவிடும். ஏன் வரவில்லை, வரவைக்க என்ன செய்தீர்கள் என்று கேட்டுத் தண்டிக்கும் விதி இல்லை.

இரண்டாவது காரணம், சிறியவர் என்பதன் வரையறை விரிந்துகொண்டே போவது. 2025 ஏப்ரல் முதல் 10 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளது குறு நிறுவனம். 100 கோடி வரை உள்ளது சிறு நிறுவனம். வளரும் நிறுவனங்கள் சலுகையை இழந்துவிடக் கூடாது என்ற நோக்கம் புரிந்துகொள்ளக் கூடியது. விளைவு வேறு. 90 கோடி விற்றுமுதல் உள்ள தொழிற்சாலையும் எடப்பாடியில் நான்கு தறி போட்டிருப்பவரும் ஒரே 25 சதவீதத்துக்குள் போட்டியிடுகிறார்கள்.

மூன்றாவது காரணம் நிபந்தனைகள். மூன்று ஆண்டு அனுபவம், இத்தனை லட்சம் விற்றுமுதல் என்ற தகுதிகளைக் குறு, சிறு நிறுவனங்களுக்குத் தளர்த்தலாம் என்று அரசு சொல்லியிருக்கிறது. தளர்த்துவது வாங்குபவரின் விருப்பம். ஜெம் தளத்தின் டெண்டர் ஆவணத்தில் அனுபவம், விற்றுமுதல் விலக்கு உண்டா என்று ஒரு வரி வரும். அதற்கு எதிரே ஆம் என்றோ இல்லை என்றோ இருக்கும். அந்த வரியில் இல்லை என்று இருந்தால் புதிதாகத் தொழில் தொடங்கியவரின் எல்லாச் சான்றிதழ்களும் அந்த டெண்டரைப் பொறுத்தவரை பயனற்றவை.

நான்காவது, எந்தத் தொழில்கள் இதில் சேரும் என்பது. சொந்தமாகத் தயாரிப்பவருக்கும் சேவை செய்பவருக்கும்தான் இந்த ஆணை. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இதன் சலுகை இல்லை; 2021-இல் சில்லறை, மொத்த வியாபாரிகளை உத்யம் பதிவுக்குள் சேர்த்தபோதும், முன்னுரிமைக் கடன் ஒன்றுக்காகத்தான் சேர்த்தார்கள். கட்டட வேலை, சாலை வேலை போன்ற பணி ஒப்பந்தங்களும் இதற்குள் வராது என்பதே அமைச்சகத்தின் விளக்கம். முதலீடு குறைந்த ஒருவர் தொழில் தொடங்குவதென்றால் பெரும்பாலும் வியாபாரத்திலோ சிறு காண்ட்ராக்ட்டிலோதான் தொடங்குவார். அந்த இரண்டு வாசலும் இங்கே மூடியிருக்கின்றன.

முட்டையும் டேங்கரும்

டெண்டரின் அளவு யாரை உள்ளே விடுகிறது என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே இரண்டு பாடங்கள் உண்டு.

எம்.ஜி.ஆர். 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989-இல் முட்டை சேர்ந்தது. இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கி, 2010-இல் வாரம் ஐந்து ஆனது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகள் உள்ள நாமக்கல்லுக்கு வாசலிலேயே வந்து நின்ற சந்தை இது. முதலில் முட்டைக் கொள்முதல் மாவட்ட அளவில் நடந்தது. பின்னர் மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர் என்றானது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மையங்களுக்கும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகளுக்கும் எடையும் தரமும் குறையாமல், வண்ண முத்திரை குத்தி, வாரந்தோறும் கொண்டுபோய் இறக்க வேண்டும். விலையில் ஒழுங்கும் கண்காணிப்பில் எளிமையும் இதனால் வரும் என்பது அரசின் நியாயம். ஆனால் இப்படிப்பட்ட டெண்டரில் விலைப் புள்ளி போடுவதற்கு முட்டையைக் காட்டிலும் குடோனும் லாரியும் முதலும்தான் முக்கியம். பத்தாயிரம் கோழி வைத்திருக்கும் பண்ணைக்காரர் அரசுக்கு நேரடியாக விற்கும் இடத்திலிருந்து விலகி, டெண்டர் எடுத்தவருக்கு முட்டை கொடுப்பவராகிறார். இது மாநில அரசின் கொள்முதல். 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ் வருவது. மத்திய ஆணையின் 25, 4, 3 கணக்கு இங்கே செல்லாது.

எரிவாயு டேங்கர் விஷயம் வேறு. எண்ணெய் நிறுவனங்கள் மத்தியப் பொதுத்துறை என்பதால் ஆணை அவற்றைக் கட்டுப்படுத்தும். லாரி போக்குவரத்து ஒரு சேவை என்பதால் அதற்குள் வரும். தென்மண்டல டேங்கர் உரிமையாளர் சங்கத்தின் தலைமையிடமே நாமக்கல். 2025 மார்ச் இறுதியில் அந்தச் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. புதிய ஒப்பந்த நிபந்தனைகள் இரண்டு அச்சு லாரிகளை ஓரங்கட்டி மூன்று அச்சு லாரிகளுக்குச் சாதகமாக இருக்கின்றன, மாற்று ஓட்டுநர் இல்லையென்றால் 20,000 ரூபாய் அபராதம் என்பது தாங்காது என்பவை அவர்களின் குறைகள். பாதுகாப்புக்காகத்தான் இந்த நிபந்தனைகள் என்றால் அதைத் தள்ளிவிட முடியாது. எரிவாயு விபத்து எத்தனை உயிரைக் குடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பரம்பரை லாரி உரிமையாளர்களே திணறும் இடத்தில், ஒரே ஒரு பழைய லாரியோடு தொழிலுக்கு வந்த தலித் ஓட்டுநர்-உரிமையாளர் எங்கே நிற்பார்? சமூகச் சான்றிதழ் அவர் பெயரை முன்னே கொண்டுவரலாம். மூன்றாவது அச்சை அவர்தான் வாங்க வேண்டும்.

அதை வாங்க உதவும் திட்டங்களும் உள்ளன என்பதுதான் வருத்தம் தரும் செய்தி. மத்திய அரசு 2016-இல் ஸ்டாண்ட் அப் இந்தியாவைத் தொடங்கிப் பட்டியல் சாதி, பழங்குடி, மகளிர் தொழில்முனைவோருக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கடனுக்கு வழி செய்தது. தமிழ்நாடு அரசு 2023-இல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கொண்டுவந்தது. முதலீட்டில் 35 சதவீத மானியம், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி ரூபாய், அதோடு வட்டியில் 6 சதவீதச் சலுகை. இயந்திரம் வாங்க மாநில அரசு கை கொடுக்கிறது. வாங்கிய இயந்திரத்துக்கு வேலை தரும் கடமை மத்தியப் பொதுத்துறைக்கு இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசுகிற ஓர் அலுவலகம் இல்லை.

தறியும் தையலும்

டெண்டரின் வாசலைச் சுற்றிப்போகும் பாதையும் இங்கே பழக்கமானதுதான். 1983-இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தின் ஆர்டர், நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் போகிறது. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட சேலைகள், ஏறத்தாழ அதே அளவு வேட்டிகள். திருச்செங்கோடு சரகத்தின் சங்கத் தறிகளுக்கு இது சில மாதங்களுக்கு உறுதியான வேலை. பள்ளிச் சீருடையைத் தைப்பது சமூகநலத் துறையின் கீழ் உள்ள மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள். கணவரை இழந்தவர்களும் வறுமையில் உள்ள பெண்களும் உறுப்பினர்களாக இருக்கும் அமைப்புகள் அவை. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்திலும் சமையல் பொறுப்பு சுயஉதவிக் குழுப் பெண்களிடம் வந்தது.

இவர்களில் யாரும் லட்சக்கணக்கில் விற்றுமுதல் காட்டவில்லை. பேங்க் கேரண்டி கொடுக்கவில்லை. வேலை சிறு சிறு பங்காகப் பிரிக்கப்பட்டதால் அவர்களால் எடுக்க முடிந்தது. இந்த வழிக்கும் ஓர் எல்லை உண்டு. தைப்பவருக்கும் நெய்பவருக்கும் கிடைப்பது உருப்படிக் கூலி. நூலையும் துணியையும் அரசே தருவதால், அது தாமதமானால் தறியும் நிற்கும். பத்து ஆண்டு சீருடை தைத்த ஒரு பெண், அந்த அனுபவத்தைக் காட்டி ரயில்வேக்கோ மருத்துவமனைக்கோ தன் பெயரில் துணி தைத்துத் தரும் உரிமையாளராக உயர்வதற்குப் படிக்கட்டு இல்லை. சங்கத்தில் கிடைத்த அனுபவத்தைத் தனித் தொழிலின் அனுபவமாக ஏற்றுக்கொள்ளும் ஒரு விதி வந்தால் அந்தப் படிக்கட்டு உருவாகும்.

பெயர் ஒருவருடையது, தொழில் இன்னொருவருடையது

சலுகை இருக்கும் இடத்தில் பினாமியும் வருவார். மனைவி பெயரில் பதிவு, கணவர் கையில் செக் புத்தகம் என்பது மகளிர் நிறுவனங்களைப் பற்றி எங்கும் சொல்லப்படும் குறை. பட்டியல் சாதியினர் ஒருவரைப் பங்குதாரராகக் காட்டி 51 சதவீதத்தை எழுதி வைத்து, தொழிலைப் பிறர் நடத்துவதும் நடக்கக் கூடியதே.

இந்த நோயை மலேசியத் தமிழர்கள் நன்றாக அறிவார்கள். 1971-இல் அங்கே வந்த புதிய பொருளாதாரக் கொள்கையின் கீழ் சிறிய அரசு ஒப்பந்தங்கள் பூமிபுத்ரா காண்ட்ராக்டர்களுக்கு ஒதுக்கப்பட்டன. உரிமம் ஒருவர் பெயரில், வேலை செய்வது இன்னொருவர் என்ற ஏற்பாட்டுக்கு அங்கே அலி பாபா என்றே பெயர் வந்துவிட்டது. உரிமம் வைத்திருந்தவருக்குக் கமிஷன் கிடைத்தது; தொழில் பழகவில்லை. தென்னாப்பிரிக்கா இதற்குச் சட்டத்தால் பதில் சொல்லியது. கறுப்பினத்தவரின் பொருளாதார மேம்பாட்டுக்கான 2003 சட்டத்தை 2013-இல் திருத்தி, இப்படி முகமூடி உரிமையாளரை நிறுத்துவதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

நம் ஊரில் பினாமியைக் காரணம் காட்டித் திட்டத்தையே குறை சொல்பவர்கள் உண்டு. சரிபார்ப்பில்தான் ஓட்டை இருக்கிறது. அதை அடைப்பதுதான் வேலை. பட்டறைக்கு நேரில் போய், கணக்கில் கையெழுத்திடுவது யார், ஆர்டர் பேசுவது யார் என்று பார்த்தால் பெரும்பாலான பினாமிகள் அகப்படுவார்கள்.

பக்கத்து மாநிலமும் அமெரிக்காவும்

மேட்டூரைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே சட்டமன்றமே பொதுக் கொள்முதல் சட்டத்தைத் திருத்தி, 50 லட்சம் ரூபாய் வரையிலான அரசு வேலைகளில் 17.15 சதவீதத்தைப் பட்டியல் சாதியினருக்கும் 6.95 சதவீதத்தைப் பழங்குடியினருக்கும் ஒதுக்கியது. 2017 முதல் நடைமுறைக்கு வந்த இந்த வரம்பு 2023-இல் 1 கோடியாக உயர்ந்தது. மத்திய ஆணை விட்டுவிட்ட பணி ஒப்பந்தங்களை இது நேரே தொட்டது. எந்த வேலை யாருக்கு என்பது டெண்டர் விடும்போதே முடிவாகிவிடுவதால், யாரும் வரவில்லை என்று ஆண்டு முடிவில் எழுத இடமில்லை. சிறு காண்ட்ராக்டர்தான் பெரிய காண்ட்ராக்டராக வளர்கிறார் என்ற எளிய உண்மையும் அதில் இருக்கிறது.

அமெரிக்காவில் 8(ஏ) என்ற பெயரில் அறியப்படும் திட்டம் 1978-இல் சட்ட வடிவம் பெற்றது. சமூகத்திலும் பொருளாதாரத்திலும் பின்தள்ளப்பட்டவர்கள் நடத்தும் சிறு நிறுவனங்களுக்கு அதில் சான்றிதழ் கிடைக்கும். அதன் சிறப்பு காலவரையறை. ஒரு நிறுவனம் ஒன்பது ஆண்டுகள் மட்டுமே உள்ளே இருக்கலாம். அந்தக் காலத்தில் போட்டி டெண்டர் இல்லாமலே ஒரு வரம்பு வரை ஒப்பந்தம் தரலாம். ஆண்டுதோறும் பரிசீலனை நடக்கும். மூத்த நிறுவனம் ஒன்று வழிகாட்டியாகச் சேரலாம். ஒன்பது ஆண்டு முடிந்ததும் பொதுச் சந்தையில் நிற்க வேண்டும். 2023 ஜூலையில் டென்னசி மாநிலத்தின் ஒரு மத்திய நீதிமன்றம், சில இனத்தவரைப் பின்தள்ளப்பட்டவர் என்று தானாகவே கருதும் விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு விண்ணப்பதாரர் ஒவ்வொருவரும் தாம் பட்ட பாகுபாட்டைத் தனித்தனியே எழுதிக் காட்ட வேண்டியதாயிற்று. நம் அரசியல் சட்டம் சாதியின் பாதிப்பை வெளிப்படையாக ஒப்புக்கொள்வதால் இங்கே அந்தச் சிக்கல் இல்லை. நமக்கு வேண்டியது அவர்களின் கால அட்டவணையும் வழிகாட்டி ஏற்பாடும்.

பில் பாஸ் ஆகும் வரை

ஆர்டர் கிடைத்து, பொருள் கொடுத்த பிறகு வரும் இடைவெளியில்தான் பல சிறு தொழில்கள் சாய்கின்றன. வட்டிக்குக் கடன் வாங்கி இரும்பு எடுத்தவருக்கு ஒவ்வொரு வாரமும் செலவு. பொருள் ஏற்கப்பட்டு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006 சட்டம் சொல்கிறது. தவறினால் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டியாக. புகாரைத் தீர்க்க ஒரு மன்றம் உள்ளது; 2017 முதல் சமாதான் இணையதளத்திலேயே மனு போடலாம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வழக்குப் போட விரும்பும் வாங்குபவர், தீர்ப்பான தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும்.

சட்டத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அடுத்த டெண்டரும் அதே அலுவலகத்தில்தான் என்றிருக்கும்போது, எந்தச் சிறு விற்பனையாளர் அந்த அலுவலகத்தின் மீது மனு போடுவார்? பில்லை ஏலம் விட்டு வங்கியிடம் உடனே பணம் வாங்கிக்கொள்ளும் டிரெட்ஸ் தளங்கள் இந்தத் தயக்கத்துக்கு ஒரு மாற்று. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் அதில் சேர வேண்டும் என்பது விதி. சேர்ந்தால் மட்டும் போதாது; சிறு விற்பனையாளரின் பில்லை அவர்கள் அங்கே ஒப்புக்கொண்டு ஏற்றினால்தான் பணம் வரும்.

சமவெளியில் செய்யக் கூடியவை

சேலத்தையும் நாமக்கல்லையும் எடுத்துக்கொண்டால் ஒரு சாதகம் உண்டு. வாங்குபவரும் விற்பவரும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறார்கள். உருக்காலையும் ரயில்வே கோட்டமும் ஒருபக்கம். சிட்கோ பட்டறைகள், லாரி பாடி கட்டும் கூடங்கள், விசைத்தறிகள், தையல் சங்கங்கள் மறுபக்கம். விதியின்படி ஒவ்வொரு பொதுத்துறை நிறுவனமும் தன் ஆண்டுக் கொள்முதல் திட்டத்தை முன்கூட்டியே வெளியிட்டு, விற்பனையாளர் வளர்ச்சி முகாம் நடத்த வேண்டும். அந்தத் திட்டத்தைத் தமிழில் வெளியிட்டு, மாவட்டத் தொழில் மையத்தின் வழியாக, அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் மானியம் வாங்கிய ஒவ்வொருவர் கையிலும் சேர்க்க முடியும். யார் என்ன இயந்திரம் வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் மாநில அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது.

பெரிய டெண்டரைச் சிறு பங்குகளாகப் பிரித்து விடுவது அதிகாரியின் கையில் உள்ள காரியம். அனுபவ விலக்குக்கு எதிரே ஆம் என்று தேர்ந்தெடுப்பதும் அப்படியே. சிறு ஆர்டர்களுக்கு பேங்க் கேரண்டி கேட்பதற்குப் பதில், பில்லிலிருந்து பிடித்து வைத்துக்கொள்ளும் முறையை அனுமதிக்கலாம். மாநில அரசு தன் டெண்டர் சட்டத்துக்குள் கர்நாடகத்தைப்போலச் சிறு வேலைகளில் ஒரு பங்கைக் கொண்டுவரலாம். முட்டைக் கொள்முதலில் ஒரு பகுதியையாவது மாவட்ட அளவுக்குத் திருப்பி, சிறு பண்ணைகளின் கூட்டமைப்புகளுக்குத் திறந்துவிடலாம்.

இவற்றில் மிக அவசரமானது 2012 ஆணையில் அந்த ஒரு வாசகத்தைத் திருத்துவது. 4 சதவீதத்தை மற்றவர்களிடம் வாங்கி நிரப்பும் முன், எத்தனை பட்டியல் சாதி, பழங்குடி நிறுவனங்களுக்கு அந்த டெண்டர் பற்றித் தெரிவிக்கப்பட்டது, எத்தனை பேர் விலைப் புள்ளி போட்டார்கள், எந்த நிபந்தனையில் விழுந்தார்கள் என்பதை வாங்கும் நிறுவனம் எழுதி, சம்பந்த் தளத்தில் மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும். நிரம்பாத பங்கை அடுத்த ஆண்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும். அரசு வேலைகளில் நிரம்பாத ஒதுக்கீட்டு இடங்களை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகும் முறை இந்த நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. கொள்முதலுக்கு அதே முறையைப் பொருத்த ஒரு திருத்த அறிவிப்பு போதும். 2018-இல் 20-ஐ 25 ஆக்கியதும் அப்படி ஓர் அறிவிப்புத்தான்.